ஐந்திலிருந்து ஏழு வரை

பகலெல்லாம் கூரியர் ஆபீஸில் ஊராருடைய பெட்டிகளை எடை போட்டு, டேப் ஒட்டி, முகவரி சரிபார்த்து அனுப்புகிறவளை யாரும் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் அவளுக்குச் சாயங்காலங்களில் மட்டும் உண்டு. கணக்கில் பட்டம் வாங்கிய சான்றிதழ் பதினான்கு வருஷமாக பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. கிரில் பட்டறையில் வெல்டராக இருந்த கணவனின் மணிக்கட்டில் ஓர் இரும்புச் சட்டம் சரிந்து விழுந்த பிறகுதான் அவளுக்கு அதன் ஞாபகமே வந்தது. பட்டறைக்காரர் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அரைநாள் வேலை, அரைச் சம்பளம் என்று ஆக்கிவிட்டார். குடும்பத்துக்கோ அரைவயிறு என்று ஒரு ஏற்பாடு கிடையாது. கீழ்வீட்டுப் பையனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கப் போக, அவன் தேறிவிட, விஷயம் வாய்வழியாகப் பரவி மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் பார்சல் டீச்சர். அவள் காதிலும் விழுந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் அவளுக்குப் புதியவர் இல்லை. வாரத்தில் இரண்டு முறையாவது உதிரிபாகம் வாங்க கவுன்டருக்கு வருவார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவில் பட்ட கிரீஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஆள். அன்று பெட்டியை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்றார்.

“நீங்க டியூஷன் எடுக்கறதா சொன்னாங்க.”

“ஆமா. எந்த கிளாஸ்?”

“ஆறாவது. என் பொண்ணுதான். ஆனா எங்க வீட்டுக்கு வந்து எடுக்கணும். தினமும் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும்.”

“கணக்குல வீக்கா?”

“தெரியல” என்றார். தப்பாக ஏதோ சொல்லிவிட்டவர் போல உடனே சேர்த்துக்கொண்டார்: “மார்க் எப்படி வந்தாலும் பரவாயில்ல டீச்சர். அஞ்சுலேர்ந்து ஏழு. அது மட்டும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.”

அவர் தருவதாகச் சொன்னது மற்ற மூன்று பிள்ளைகளுடையதையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். அவள் மற்ற பிள்ளைகளை ஏழரைக்குத் தள்ளிவைத்தாள்.

“மார்க் வேண்டாம்னு சொல்ற அப்பாவை இப்பதான் கேள்விப்படறேன்” என்றான் கணவன். “ஆளு நல்ல ஆளுதானே?”

“பேனாவைத் துடைச்சுக் கொடுப்பார்.”

“அப்ப சரி” என்று சிரித்தான்.

வீடு மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க வாசலில் நின்றவளுக்குக் கதவைத் திறந்தது மெக்கானிக்கின் அக்கா. பருத்த உடம்பு, தோளில் ஈரத் துண்டு. “ஊர் முழுக்க லிஃப்ட் ஓட வைக்கறான் என் தம்பி. எனக்கு மட்டும் அறுபத்தாறு படி. வாங்க, உள்ளே வாங்க” என்று சிரித்தவள், அந்தச் சிரிப்பு மறைவதற்குள் அவளை நேராகப் பின்னறைக்கு நடத்திக்கொண்டு போனாள். வழியில் இடதுபக்கம் ஓர் அறை இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

“அவங்க அம்மா படுத்திருக்கா. முதுகு வலி.”

பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுற்றும்போது டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறி. டீச்சரும் அங்கே காத்திருந்த பிள்ளையும் உட்கார்ந்ததும் அத்தைக்காரி கதவைச் சாத்தினாள். பிறகு வெளியிலிருந்து எதையோ கதவின் அடியில் திணிப்பது கேட்டது. மடித்த போர்வையின் ஓரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

“எதுக்கு இது?” என்று டீச்சர் பிள்ளையைக் கேட்டாள்.

“கொசு வரும்னு அத்தை சொல்வாங்க.”

ஒல்லியான பெண். சற்றே முன்துருத்திய பல், துறுதுறுவென்று எல்லாவற்றையும் பார்க்கும் கண். அத்தை அவளைச் சுண்டெலி என்று கூப்பிட்டாள். அதைவிடப் பொருத்தமான பெயர் வைத்திருக்க முடியாது. முதல் நாளே டீச்சருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் சுண்டெலி கொறித்து முடித்துவிட்டு அடுத்ததற்கு நிமிர்ந்தாள். ஒரே வாரத்தில் ஆறாம் வகுப்புப் புத்தகம் தீர்ந்தது. அவள் ஏழாம் வகுப்புப் புத்தகம் கொண்டுவந்தாள். டியூஷன் தேவையே இல்லாத பிள்ளைக்கு டியூஷன் எடுத்துக் காசு வாங்குகிறோமே என்று அவளை உறுத்தியது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். மாதக் கடைசியில் கணவனின் கைக்கு பிசியோதெரபி இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்தடித்துப் பத்து நிமிஷத்தில் தினமும் அழைப்புமணி ஒலிக்கும். செருப்பு கழற்றும் சத்தம், பையின் ஜிப், குழாய்த் தண்ணீர், தட்டில் எதையோ வைக்கும் கிணுக்கென்ற ஒலி. ஒரு புதுப் பெண்குரல் தாழ்ந்து பேசும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும் நர்ஸ் என்பதை ஒரு நாள் படியில் எதிர்ப்பட்டபோது தெரிந்துகொண்டாள். ஐந்தே முக்கால் சுமாருக்கு, போர்வையையும் கதவையும் தாண்டி இன்னொரு சத்தம் வரும். முதலில் யாரோ மேஜையை இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அது மனுஷத் தொண்டையிலிருந்து வருவது என்று புரிந்தபோது அவள் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றது.

“டீச்சர், நான் வாய்ப்பாடு சொல்லட்டுமா? பதினேழாம் வாய்ப்பாடு” என்றாள் சுண்டெலி.

சொல்லவும் ஆரம்பித்தாள், உரக்க, பள்ளிக்கூட மைதானத்தின் மறுகோடியில் நிற்பவருக்குச் சொல்வது போல. பதினேழு முடிந்ததும் பதினெட்டு. பதினெட்டு முடிந்ததும் மறுபடி பதினேழு. சத்தம் அடங்கியதும் அவள் குரலும் தணிந்தது. “அடுத்த கணக்கு குடுங்க டீச்சர்” என்றாள்.

இது தினமும் நடந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் அந்தச் சத்தம் வழக்கத்தைவிட நீண்டது. சுண்டெலி பதினெட்டின் நடுவில் தடுக்கி, மறுபடி ஆரம்பித்து, மறுபடியும் அதே இடத்தில் தடுக்கினாள். மேஜைக்கடியில் தன் பாவாடையை முறுக்கிப் பிடித்திருந்தாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்தாள். ஐஸ் போலிருந்தது.

“கண்ணு, உனக்குத் தெரியுமா?”

“முதுகு வலிக்கு யாராவது வயித்துல கட்டுப் போடுவாங்களா டீச்சர்?” என்றாள் பிள்ளை. அழவில்லை. “குப்பைக்கூடையில பஞ்சைப் பார்த்தேன். மருந்துச் சீட்டுல இருந்த பேரை ஸ்கூல் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். எல்லாம் தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே.” பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுதான் அவர் சிரிக்கறார். தெரிஞ்சா சிரிக்க மாட்டார். சத்தியமா சொல்லக் கூடாது.”

டீச்சர் சத்தியம் செய்து கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

அன்று ஏழு மணிக்கு மெக்கானிக் வேலையிலிருந்து வந்தவர், வழக்கம்போல அவளைப் படி இறக்கிவிட வந்தார். பாதி வழியில் அவளே கேட்டுவிட்டாள்: “வீட்ல அவங்களுக்கு என்ன உடம்புக்கு?”

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசி மெழுகப் பார்த்தார்; முடியவில்லை. வயிற்றில் புற்று, இரண்டு முறை அறுத்தாயிற்று, இனி அறுக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட நர்ஸ் வருகிறாள், அந்த நேரத்தில்தான் மனைவியால் தாங்க முடிவதில்லை. எல்லாவற்றையும் ஏதோ வண்டியின் பழுதைச் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். “பிள்ளை என்னை இப்படிப் பார்க்கக் கூடாது, என் சத்தத்தைக் கேக்கக் கூடாதுன்னு அவளே சொல்லிட்டா. காலையில மாத்திரை போட்டதும் கொஞ்சம் தெளிவா இருப்பா. தலை வாரி பவுடர் போட்டு உட்கார வெச்சு, பத்து நிமிஷம் பாப்பாவை உள்ளே விடுவோம். அவ்வளவுதான்.”

“பிள்ளைக்கு...”

“ஒண்ணும் தெரியாது. முதுகு வலின்னு நம்பிட்டிருக்கா. சீக்கிரம் வர்ற நாள்ல வாசல்ல நிப்பேன் டீச்சர். உள்ளேயிருந்து வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்கும். இந்த வீட்ல அது ஒண்ணாவது சந்தோஷமா இருக்கேன்னு மனசு நெறைஞ்சு போகும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க வாய் தவறிக்கூட எதுவும் சொல்லிடாதீங்க.”

அவள் தலையாட்டினாள். ஒரே நாளில் அப்பனுக்கும் மகளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, அறுபத்தாறு படியும் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் போனது. அவள் மனம் எதிலும் ஒட்டவில்லை. ஆபீஸில் ஒரு பெட்டிக்கு வேறொரு பெட்டியின் முகவரியை ஒட்டி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஏன் பேசாமல் இருக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொடுத்த வாக்கு என்று பதில் வந்தது. அதன் பின்னாலேயே, அந்த வீட்டு வருமானம் நின்றால் என்ன செய்வது என்ற இன்னொரு பதிலும் வந்தது. இரண்டில் எது முந்தி வந்தது என்று அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நர்ஸ் வரத் தாமதமானது. அத்தை மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். போர்வையை அன்று திணிக்க மறந்திருந்தாள்.

“டீச்சர்...” என்று அந்த இடதுபக்க அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. சுண்டெலி நிமிர்ந்தாள். டீச்சர் அவளைக் கையமர்த்திவிட்டு எழுந்து போனாள்.

கட்டிலில் இருந்தவள் அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். போர்வைக்குள் உடம்பு இருப்பதற்கான அடையாளமே இல்லை. முகத்தில் கண் மட்டும் பெரிதாக இருந்தது, மகளின் கண். தண்ணீர் வேண்டுமா என்று டீச்சர் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு. நல்லா சொல்லித் தர்றீங்க. தினமும் கேக்கறேன். எவ்வளவு சத்தமா, எவ்வளவு தைரியமா சொல்றா!” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவ என்னைக் கேக்கறாளா? அம்மா எங்க, அம்மா ஏன் வரலைன்னு?”

டீச்சர் சரிந்திருந்த போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

“கேக்கறதில்ல, இல்லையா?” என்றாள் அவள். “எனக்குத் தெரியும். காலையில வந்தாலும் ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு ஓடிடறா. நான் இல்லாம பழகிட்டா. நல்லதுதான். நான் ஆசைப்பட்டதும் அதுதானே?” அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுப்பார்களே, அப்படி.

டீச்சர் திரும்பி வந்தபோது சுண்டெலி கதவோரம் நின்றிருந்தாள். “அம்மா என்ன சொன்னாங்க?”

“நீ நல்லா வாய்ப்பாடு சொல்றியாம்.”

பிள்ளையின் முகத்தில் ஒரு நிமிஷம் பெருமை வந்து போனது. ஏமாற்ற வேண்டியவர்களை ஏமாற்றிவிட்ட பெருமை. அதைப் பார்த்ததும் டீச்சர் தீர்மானித்துவிட்டாள். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று யோசிக்கவே இல்லை.

ஏழு மணிக்கு, இரண்டாவது மாடித் திருப்பத்தில், மெக்கானிக்கிடம் சொன்னாள். முழுவதும் சொன்னாள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், மாதக்கணக்காகத் தெரியும். வாய்ப்பாடு சந்தோஷத்தில் வருவதில்லை, அம்மாவின் சத்தம் தன் காதில் விழக் கூடாது என்று வருவது. விழவில்லை என்று உங்களை நம்பவைக்க வருவது. அவள் நடிப்பை நம்பி, பிள்ளை தன்னை மறந்துவிட்டதாக உள்ளே ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

மெக்கானிக் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார்; நம்பியதும் முகம் கறுத்தது.

“உங்களை யார் அந்த ரூமுக்குப் போகச் சொன்னது?”

“அவங்கதான் கூப்பிட்டாங்க.”

“கூப்பிட்டா போயிடுவீங்களா? பாடம் எடுக்கத்தானே வெச்சேன்? என் வீட்டு விஷயத்துல தலையிடவா வெச்சேன்?” படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழே யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். “அஞ்சு மாசமா கல்லை மாதிரி நின்னு காப்பாத்தினதை ஒரு நிமிஷத்துல... நாளைலேர்ந்து வர வேண்டாம். பணத்தைக் குடுத்தனுப்பறேன்.”

“இவ்வளவு நாள் சொல்லாம இருந்ததுதான் என் தப்பு” என்றாள் அவள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். “போனது போகட்டும். பேசாம இருந்திருந்தா உனக்குச் சோறு இறங்கியிருக்குமா?” என்றான். அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுண்டெலிக்குச் செய்த சத்தியம்தான் அவளைக் குடைந்தது. பெரியவர்களை இனி அந்தப் பிள்ளை எப்படி நம்பும்?

ஐந்தாம் நாள் அத்தை கூரியர் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கையில் அனுப்புவதற்கு ஒன்றுமில்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும் கவுன்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“அன்னைக்கு ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டா வரல. படிக்கட்டுலயே உக்காந்திருந்தான். அப்புறம் மேல வந்து அந்தப் போர்வையை எடுத்து உதறி மடிச்சு அலமாரியில வெச்சான். மறுநாள் நர்ஸ் வந்தப்ப சுண்டெலி அம்மா ரூம் வாசல்ல போய் நின்னா. இவன் தடுக்கல.”

“அவங்க அம்மா?”

“அவ போட்ட கூச்சல் இருக்கே! ‘வெளியே போடி, இவளை யார் விட்டது’ன்னு. இந்தக் குட்டி அசையணுமே. தலைமாட்டுல ஏறி உக்காந்து அவ தலையை மடியில வெச்சுக்கிட்டா. நர்ஸ் கட்டைப் பிரிச்சதும் நான் தாங்க முடியாம சமையலறைக்கு ஓடிட்டேன். என் உடம்பு இவ்வளவு வேகமா ஓடும்னு எனக்கே தெரியாது.” சிரிக்கப் பார்த்தாள்; வாய் கோணிக்கொண்டது. “அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஆத்திரம் தீர அழுதாங்க. அழுது முடிச்சிட்டுத் தூங்கினாங்க. அவ அப்படித் தூங்கி ரெண்டு மாசம் இருக்கும்.”

வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அத்தை திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தன் பெட்டியின் மேலிருந்த முகவரியைப் படிக்கத் தொடங்கினார்.

“சுண்டெலிக்கு உங்க மேல கோபம். சத்தியம் பண்ணிட்டுச் சொல்லிட்டீங்களாம். தம்பிக்கும் கோபம். எனக்கு இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அதன் பிறகு பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. அந்த வீட்டில் இருபத்திரண்டு நாள் எல்லாக் கதவும் திறந்திருந்தன. இருபத்து மூன்றாம் நாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

செய்தி கேட்டு டீச்சர் போனாள். அறுபத்தாறு படியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். மெக்கானிக் அவளைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். சுண்டெலி அத்தையின் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். டீச்சர் சுவரோரம் கால்மணி நேரம் நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள்.

அவளுக்கு வேறு டியூஷன் கிடைத்தது, இரண்டு தெரு தள்ளி, இரட்டைப் பையன்கள். எட்டாம் வகுப்பு, இருவருக்கும் சேர்த்து ஒரு கணக்கு வராது. உண்மையாகவே உழைத்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. கணவனின் கை மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கியது. மெக்கானிக்கின் உதிரிபாகங்களை வாங்கிப் போக அவர் கம்பெனியிலிருந்து வேறு யாரோ வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரே வந்தார். கூடவே மகள். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக் கவுன்டரில் வைத்தார்.

“அவ துணியெல்லாம். அவ தங்கச்சிக்கு அனுப்பறோம்.”

அவள் எடை போட்டாள். முகவரி மகளின் கையெழுத்தில் இருந்தது. ரசீதை நீட்டியபோது அவர் வாங்கிக்கொள்ளாமல் அதையே பார்த்தபடி பேசினார்.

“உங்க மேல கோபம் இன்னும் போகல டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். எம் பொண்ணு பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்துட்டா. சில நாள் தூக்கத்துல கத்தறா.” ரசீதை எடுத்து நான்காக மடித்தார். “ஆனா அவங்க அம்மாவோட இருபத்திரண்டு நாள் இருந்தா. நீங்க சொல்லாட்டி அதுவும் இருந்திருக்காது. ரெண்டையும் சேர்த்து வெச்சு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியல” என்றாள் டீச்சர்.

அவர் தலையசைத்துவிட்டு வண்டியை எடுக்க வெளியே போனார். சுண்டெலி போகவில்லை. இந்த மூன்று மாதத்தில் உயரமாகிவிட்டாள். கவுன்டரின் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“கோபமா கண்ணு?”

“ம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “முன்ன மாதிரி இல்ல” என்றாள்.

“அம்மா உன்கிட்ட நிறைய பேசினாங்களா?”

“பேசறதா? திட்டினாங்க!” பிள்ளையின் முகம் சட்டென்று திறந்தது. “தினமும் திட்டு. நகத்தைக் கடிக்காதே, கூன் போட்டு உக்காராதே, அத்தை சொல்ற எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு பேசாதே. கடைசியா, அதுக்கு முந்தின நாள், சாக்ஸைத் துவைக்காம மறுபடி மாட்டிக்கிட்டேன்னு திட்டினாங்க. பேச்சே வரல, ஆனா கையை நீட்டிக் காலைக் காட்டினாங்க. ஸ்கூலுக்கே போகல, வீட்ல உக்காந்திருக்கேன், சாக்ஸுக்காகத் திட்டு!”

சிரித்தாள். முன்துருத்திய பல் தெரியச் சிரித்தவள், சிரிப்பு முடியும் முன்பே உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். டீச்சர் கவுன்டரின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பிள்ளை அவள் மேல் சாய்ந்து நின்றாள். கைகளைப் போட்டுக் கட்டிக்கொள்ளவில்லை, சும்மா சாய்ந்து நின்றாள். வெளியே வண்டியின் ஹாரன் ஒரு முறை ஒலித்தது, அவசரப்படுத்தாத ஹாரன்.

“போயிட்டு வரேன் டீச்சர்.”

“போயிட்டு வா கண்ணு.”

வரிசையில் அடுத்தவர் தன் பார்சலைத் தராசில் வைத்தார். அவள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த ஊருக்கு என்று கேட்டாள்.